கருப்பட்டியில் பொக்கையான கத்தி

உடன்குடியிலிருந்து மாமியார் அனுப்பியிருந்த கருப்பட்டி, ஒசாகாவின் பிப்ரவரிக் குளிரில் பாறையாக இறுகிக் கிடந்தது. சுக்குக் காபிக்கு ஒரு துண்டு போதும். அம்மிக் குழவி இல்லாத வீடு. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது, வாங்கி ஐந்து மாதமே ஆன நகிரி என்ற ஜப்பானியக் காய்கறிக் கத்தி. கருப்பட்டி மேல் கத்தியின் வாயை வைத்து, அதன் முதுகில் உள்ளங்கையைக் கொடுத்து ஓர் அமுக்கு அமுக்கினேன். கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. சரி, எடுத்துவிடலாம் என்று இடமும் வலமுமாக லேசாக அசைத்தேன். சோற்றில் கல் கடிபட்டால் வருமே, அப்படி ஒரு சத்தம்.

கருப்பட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தியின் வாயில், நுனியிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, வெட்டிப்போட்ட நகம் மாதிரி பிறை வடிவில் ஒரு துண்டைக் காணோம். நீளம் 4 மி.மீ., ஆழம் ஒன்றரை மி.மீ. அப்புறம் ஸ்கேல் வைத்து அளந்தேன். எந்த நஷ்டத்தையும் அளந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மனைவிக்குக் கத்தியைப் பற்றிக் கவலையே இல்லை. "அந்தத் துண்டு எங்க போச்சு? கருப்பட்டிக்குள்ள இருந்தா யாரு குடிக்கிறது?" என்றாள். நல்லவேளை, கருப்பட்டியை எப்படியும் கரைத்து வடிகட்டித்தானே ஊற்றுவோம். வடிகட்டியில் மண்ணோடும் ஓலைத் துணுக்கோடும் மினுக்கென்று கிடந்தது அந்த எஃகுச் சில்.

வீடியோ காலில் மாமியாருக்கு விஷயம் போனது. "கருப்பட்டிய யாராவது கத்திய வச்சு வெட்டுவாங்களா மாப்ள? துணியில சுத்தி ஒரு போடு போட்டா செதறிட்டுப் போவுது" என்றார். பிறகு கத்தி விலை என்ன என்று கேட்டார். 18,000 யென், நம்மூர்ப் பணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் பக்கம் வரும் என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தோம்.

அந்தக் கத்தியை வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

ஒசாகா நகரத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் சகாய். தென்னோஜியிலிருந்து டிராம் பிடிக்கலாம். ஒசாகாவில் மிச்சமிருக்கும் ஒரே தெரு டிராம் இதுதான். மணியடிக்கும் சத்தத்தை வைத்து 'சின் சின் தென்ஷா' என்று செல்லமாகச் சொல்வார்கள். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போய், யமாதோ ஆற்றைக் கடந்தால் சகாய். மியோகொகுஜி-மாயே நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் அங்கங்கே கத்திக் கடைகள். டோக்கியோவின் சமையல் சாமான் கடைத்தெருவான கப்பாபாஷி மாதிரி ஜேஜே என்று இருக்காது. சாதாரணத் தெரு, சாதாரண வீடு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாகக் கத்திகள்.

நான் நுழைந்த கடையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். கத்தியைக் காட்டச் சொன்னால் காட்டவில்லை. முதலில் கேள்வி கேட்டார். சமைப்பது யார்? இரண்டு பேரும் என்றேன். எந்தக் கை? நான் வலது, மனைவி இடது. அப்படியானால் இந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம் என்று பாதிக் கடையைக் கையால் ஒதுக்கிவிட்டார். அங்கே இருந்தவை ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய கத்திகள், வலதுகைக்காரருக்கே ஆனவை. இடதுகைக்குத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், விலையும் கூடும். மீனா, காய்கறியா? முள்ளோடு வெட்டுவீர்களா? கடைசியாக, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "வீட்டில் கல் இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன்.

இல்லை. சாணைக்கல்லை அதற்கு முன் நான் கையால் தொட்டதே இல்லை. இல்லை என்று சொன்னால் விற்கமாட்டாரோ என்று ஒரு பயம். அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார், பிறகு தலையாட்டிவிட்டு 165 மி.மீ. நகிரி ஒன்றை எடுத்து வைத்தார்.

பெயர் பொறிக்க வேண்டுமா என்று கேட்டார். காசு கிடையாது. என் பெயரில் ஒரு 'ழ' உண்டு. ஜப்பானியத்தில் ழவும் இல்லை, லவும் இல்லை, எல்லாமே 'ர'தான். கத்தகானா எழுத்தில் எழுதிக் கொடுத்ததை, சின்ன உளியும் சுத்தியுமாக, கோடு போடாமல், பென்சில் குறி கூட இல்லாமல் தட்டினார். டக் டக் டக் என்று இரண்டு நிமிடத்தில் என் பெயர் பாதி ஜப்பானியனாகிவிட்டது. அட்டைப் பெட்டியில் வைத்து, காகிதம் சுற்றி, டேப் ஒட்டி, வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேல் வாய் நீளமுள்ள கத்தியைத் தக்க காரணமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நடமாடினால் குற்றம். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது தக்க காரணம். டிராமில் பிரித்து ரசிப்பது அல்ல.

சகாய் ஏன் கத்தி ஊரானது என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் நீண்ட கதை வைத்திருக்கிறார்கள். சாவித்துளை வடிவில் கட்டிய பிரம்மாண்டமான பழங்காலக் கல்லறை மேடுகள் அங்கே இருக்கின்றன. 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அந்த மண்ணைத் தோண்ட இரும்புக் கருவி செய்த காலத்திலிருந்தே கொல்லர்கள் உண்டு என்பார்கள். எனக்குச் சுவையாகப் பட்டது 16-ஆம் நூற்றாண்டுக் கதைதான். போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள், துப்பாக்கி வந்தது. சகாய் துப்பாக்கி செய்யும் ஊரானது. புகையிலை வந்தது, இலையை நூல்நூலாக அரியக் கத்தி வேண்டியிருந்தது, சகாய் அதையும் செய்தது. ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்து அரசு அந்தப் புகையிலைக் கத்திகளுக்குத் தனி முத்திரையே கொடுத்தது. நம் சமையலறைக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்களும் அதே போர்ச்சுகீசியர்கள்தான். இன்று அதே ஊர்க் கத்தியால் நான் பச்சை மிளகாய் அரிகிறேன். சைக்கிள் கியரில் ஷிமானோ என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் 1921-இல் இங்கே தொடங்கியதே. இரும்பு தட்டத் தெரிந்த ஊர் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும்போலிருக்கிறது.

வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. சகாயில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்வதில்லை. உலையில் காய்ச்சித் தட்டி, மெத்தென்ற இரும்போடு கடினமான எஃகைச் சேர்த்து, பழுக்கவைத்துத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பது ஒருவர். அதை வாங்கி, ஓடும் தண்ணீரில் சுழலும் பெரிய கல்லில் தேய்த்துச் சரிவும் வாயும் எடுப்பது இன்னொருவர், வேறு பட்டறை. பிடி போடுவது மூன்றாமவர். எல்லாவற்றையும் ஒருங்கிணைத்து விற்பது கடை. ஆகவே கத்தி மேல் பொறித்திருக்கும் பெயர் பல நேரம் கடையின் பெயர்தான், கொல்லருடையதல்ல. கொல்லர் பெயராவது சில கத்திகளில் வெளியே தெரியும். தீட்டியவர் பெயர் அநேகமாகத் தெரியாது. ஆனால் உலையிலிருந்து வரும்போது அது கருத்த தகடு. வெங்காயத்தில் அது எப்படி இறங்கும், காய் ஒட்டுமா விலகுமா, வாய் எவ்வளவு மெலிந்திருக்கும், இதையெல்லாம் முடிவு செய்வது தீட்டுகிறவர். கத்தியைக் காசு கொடுத்து வாங்கி வந்த நாளிலிருந்து அந்த ஆள் நீங்கள்தான். அவர் வேலையின் மிச்சம் உங்கள் தலையில். பெரியவர் "கல் இருக்கிறதா" என்று கேட்டதன் அர்த்தம் எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, எதை வாங்குவது? நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். கியூத்தோ என்பது மேற்கத்திய சமையல்காரர் கத்தியின் ஜப்பானிய உருவம். பெயருக்குப் பொருள் மாட்டுக் கத்தி. கறி வெட்ட வந்தது, இன்று எல்லாவற்றுக்கும் ஆகும். 210 மி.மீ. நீளம் எங்கள் குடியிருப்பின் சமையல் மேடைக்கு அதிகம். சான்தொக்கு வீடுகளுக்கென்று 20-ஆம் நூற்றாண்டில் பரவிய வடிவம்: கறி, மீன், காய் மூன்றுக்கும் பொது. நகிரி காய்கறிக்கு மட்டும். அதன் வாய் நேராக இருப்பதால் முழு நீளமும் பலகையில் படும். பீன்ஸ் நறுக்கினால் ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு மாலை மாதிரி வராது. பொரியல், அவியல், கூட்டு என்று வாரத்தில் ஐந்து நாள் காய் நறுக்குகிற வீட்டுக்கு என் ஓட்டு நகிரிக்குத்தான். ஒரு பக்கச் சரிவுள்ள யானகிபா, தேபா, உசுபா எல்லாம் அழகு. மீனைத் துண்டு போட்டு, பச்சை மீனையும் காயையும் கண்ணாடித் தாளாக அரிய வேண்டியவர்களுக்கு அவை அவசியம். எனக்கும் உங்களுக்கும் அது சுவரில் மாட்டத்தான் ஆகும்.

எஃகு விஷயத்தில் இணையத்தில் குடுமிப்பிடிச் சண்டையே நடக்கும். அடிப்படை எளிது. ஷிமானே மாவட்டத்து யாசுகியில் உருவாகும் எஃகுகளுக்கு, சுற்றி வந்த தாளின் நிறத்தை வைத்துப் பெயர். ஷிரோகாமி வெள்ளைத்தாள், ஆவோகாமி நீலத்தாள். வெள்ளை என்றால் கிட்டத்தட்ட இரும்பும் கரியும் மட்டும். என்னுடைய இரண்டாம் எண் வெள்ளைத்தாளில் கரி 1.1 சதவீதம் அளவுக்கு. நீலத்தில் கொஞ்சம் குரோமியமும் டங்ஸ்டனும் சேரும், அதனால் கூர் கூடுதல் நாள் நிற்கும். தீட்ட அதற்கேற்பக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இரண்டுமே துருப்பிடிக்கும். துரு வேண்டாம் என்றால் கின்சான், விஜி-10 போன்றவை. முதல் கத்தி வாங்குகிறவர்கள் இந்த மூன்றாம் வகைக்குப் போவதில் வெட்கமே இல்லை. கல்லில் கை பழக வேண்டுமென்றால் மட்டும் வெள்ளை. அது கல்லோடு ஒத்துப்போகிற மாதிரி வேறு எதுவும் ஒத்துப்போகாது.

கடினம் என்றால் எவ்வளவு? பல ஐரோப்பியச் சமையல் கத்திகள் ராக்வெல் அளவில் 56 சுற்றி. இந்தக் கத்திகள் 61, 62, அதற்கு மேலும் போகும். கடினமாக இருப்பதால்தான் வாயை அவ்வளவு மெலிதாக எடுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் நெம்பினால் உடைகிறது. நேரே கீழே அமுக்குவதைத் தாங்கும், பக்கவாட்டில் அசைப்பதைத் தாங்காது. பூசணித் தோல், உறைந்த முருங்கைக்காய் (இந்தியக் கடையில் பாக்கெட்டில் வருவது), எலும்பு, தேங்காய் ஓடு, கருப்பட்டி, எதற்கும் இதை எடுக்கக் கூடாது. நறுக்கியதை வாயாலேயே பலகையில் வழித்துத் தள்ளுகிற பழக்கமும் கூடாது, கத்தியைக் கவிழ்த்து முதுகால் தள்ள வேண்டும். அம்மா மாதிரி உருளைக்கிழங்கை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலை நோக்கி வெட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கத்தியில் அது வேண்டாம்.

அலை அலையாகக் கோடு ஓடுகிற 'டமாஸ்கஸ்' கத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் படத்தைப் போட்டால் உடனே யாராவது, இது நம்ம உருக்கு எஃகு, நம்மிடமிருந்து போனது என்று எழுதிவிடுகிறார்கள். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு உலகப் புகழ் பெற்றது உண்மை. அந்த எஃகில் தெரிந்த கோலம் உள்ளுக்குள்ளேயே விளைந்தது. இன்றைய ஜப்பானியச் சமையல் கத்தியில் தெரிவது அதுவல்ல; இரண்டு விதத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கித் தட்டி, நடுவில் இருக்கும் எஃகுக்கு இருபுறமும் போர்த்திய சட்டை. வெட்டுவது நடுவில் இருப்பது, சட்டைக்கும் கூருக்கும் சம்பந்தமில்லை. பிடித்திருந்தால் வாங்குங்கள், பட்டுப்புடவைக்கு ஜரிகை மாதிரி. ஆனால் இணையத்தில் ஜப்பானிய எழுத்தும் லேசரில் இழுத்த அலைக்கோடுமாக மூவாயிரம் ரூபாய்க்கு வருவது ஜரிகைகூட இல்லை, ஜரிகைப் படம் அச்சடித்த துணி.

கைப்பிடி விஷயத்திலும் இதே கதை. என் கத்திக்கு ஹோ மரம், கழுத்தில் எருமைக் கொம்பு வளையம். ரொம்ப லேசான, வெளிறிய, பளபளப்பு இல்லாத பிடி. முதலில் மட்டமாகத்தான் பட்டது. ஈரக் கையில் வழுக்காது என்பது பிறகு தெரிந்தது. வீணாகிப் போனால் தட்டிக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் மாதங்கள் கல்யாணமான புதிது மாதிரி. முதல் நாள் வெங்காயம் நறுக்கியதும் பளிச்சென்று இருந்த வாய்ப்பகுதி மங்கி, இரண்டாம் வாரம் நீலமும் பழுப்புமாகப் பெட்ரோல் சிந்திய தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அது துருவல்ல, நல்ல படலம். அதுதான் துருவைத் தடுக்கும். சிவப்பாகத் தெரிந்தால்தான் துரு. ஒரு நாள் மாங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆபீசிலிருந்து போன். இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தால் வாய் நெடுகிலும் செம்புள்ளி. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. அன்றிலிருந்து எலுமிச்சை, மாங்காய்க்கெல்லாம் ஒரு சின்ன ஸ்டெயின்லெஸ் கத்தி தனியாக. வாழைப்பூவை இதில் நறுக்கவே கூடாது என்பதையும் பட்டுத்தான் அறிந்தேன். பூவின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து எல்லாம் மை நிறமாகிவிட்டது. ருசி போகவில்லை. ஆனால் விருந்தாளிக்கு வைக்கிற நிறமல்ல. ஊரில் அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கி விரலெல்லாம் கறுத்துப் போன பாட்டிக்கு இது செய்தியே அல்ல.

இப்படி வந்துகொண்டிருந்தபோதுதான் கருப்பட்டி.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சின் சின் தென்ஷா. பெரியவர் கத்தியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஹாகொபொரே" என்றார். ஹா என்றால் வாய். நாம் கத்திக்கு வாய் என்கிறோம், அவர்கள் சொல்லில் பல்லுக்கும் இதே ஒலிதான். கொபொரே என்றால் சிந்திப் போவது. பொக்கை விழுந்ததற்கு இவ்வளவு மென்மையான சொல். என்ன வெட்டினீர்கள் என்று கேட்டார். பனைவெல்லத்தை ஜப்பானியத்தில் விளக்க ஐந்து நிமிடம் பிடித்தது. சிரிக்கவில்லை. பிறகு கட்டைவிரலை வாயின் குறுக்காக மெல்ல இழுத்துவிட்டு, "இது இன்னும் கல்லே பார்க்கவில்லையே" என்றார்.

ஐந்து மாதத்துக்கு முன் சொன்ன பொய்யைக் கத்தி காட்டிக்கொடுத்துவிட்டது. வீட்டில் கல் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். தெரியும் என்பதுபோல் தலையாட்டினார். விட்டுவிட்டுப் போனால் இரண்டு வாரத்தில் சரிசெய்து தருவேன், இல்லையென்றால் நீங்களே செய்யலாம், கெடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்றார். பேச்சில் துளி கிண்டல் இல்லாததுதான் இன்னும் சுருக்கென்றது. 220-ஆம் எண் முரட்டுக் கல் ஒன்று, 1000-ஆம் எண் நடுக் கல் ஒன்று வாங்கினேன். எண் கூடக் கூடக் கல் நைசாகும். 6000, 8000 எல்லாம் மெருகுக்கு. அதைக் கேட்டபோது, "பிறகு" என்று ஒரே சொல்.

கத்திக்குக் கொடுக்கிற காசில் கால்வாசியையாவது கல்லுக்கு ஒதுக்குங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். கிங் 1000 கல் செங்கல் நிறத்தில் இருக்கும். தண்ணீரில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டே குடிக்கும், குமிழி நின்றதும் எடுக்க வேண்டும். ஷாப்டன் கூரோமாக்கு வரிசையில் 1000 ஆரஞ்சு நிறம், ஊறவைக்கத் தேவையில்லை, தண்ணீர் தெளித்தால் போதும். இரண்டில் எதுவானாலும் சரி, வீட்டுக்கு அது ஒன்றே போதும். பொக்கை விழாத வரை.

பொக்கையை எடுக்கிற வேலை இப்படி: விழுந்த இடத்தை நிரப்ப முடியாது. மீதி வாயை அதன் ஆழத்துக்கு இறக்க வேண்டும். அதாவது 165 மி.மீ. நீளத்துக்கு ஒன்றரை மி.மீ. எஃகைத் தேய்த்துத் தள்ள வேண்டும். கீழே ஈரத்துணி விரித்து முரட்டுக் கல்லை வைத்து, கத்தியைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிறுத்தி இழுத்தேன். நல்ல கத்தியின் வாயை வேண்டுமென்றே கல்லில் மொட்டையாக்குவதற்கு ஒரு மனத்திடம் வேண்டும். சர்ர், சர்ர் என்று பக்கத்து வீடு வரை கேட்கும் சத்தம். சாம்பல் நிறச் சேறு. ஒரு மணி நேரம் கழித்துப் பிறை மறைந்தது. வாய் இருந்த இடத்தில் வெளிச்சத்தில் மின்னும் ஒரு பட்டை. வெண்ணெய்கூட வெட்டாது. அன்றைக்கு அவ்வளவுதான், மணிக்கட்டு விட்டுப்போயிற்று.

மறுநாள் சரிவு எடுத்தல். ஒரு பக்கத்துக்கு சுமார் 15 பாகை. என் கத்தியின் உயரத்துக்கு, முதுகு கல்லிலிருந்து 12 மி.மீ. எழும்ப வேண்டும் என்று கணக்கு வந்தது. என் சுண்டுவிரல் நுனி உள்ளே நுழைகிற இடைவெளி. வைப்பது சுலபம், ஒவ்வொரு இழுப்பிலும் அதே கோணத்தைக் காப்பாற்றுவதுதான் பாடு. கல்லின் மறுகோடிக்குப் போகும்போது கை தானாக எழும்புகிறது. இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு: சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பார்ப்பது. மை வாய் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் அதிகம். மேல் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. என் மை நடுவில் மட்டும் அழிந்திருந்தது. அதாவது நான் தட்டையாக அல்ல, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னக் கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கை அடங்கியது.

அப்புறம் வந்தது அந்தக் கணம். வலப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்போது, இடப்பக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகுமாறு இழுத்தால் (வாயின் நீளவாக்கில் அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்) ஏதோ நறநறவென்று தட்டும். பிசிர். தேய்ந்த எஃகு கண்ணுக்குத் தெரியாத விளிம்பாக மறுபக்கம் மடிந்து நிற்பது. பிசிர் எழும்பிவிட்டால் இந்தப் பக்கம் கல் வாயின் கடைசி வரை போய்விட்டது என்று அர்த்தம். எழும்பாத வரை எத்தனை நேரம் தேய்த்தாலும் வீண். கல்லில் கத்தி தீட்டி அந்த நறநறப்பை முதன்முதலாக உணர்ந்தபோது, பாத்ரூமிலிருந்த மனைவியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வந்தாள், தொட்டாள். "ம்ம்" என்றுவிட்டுப் போனாள்.

பிசிர் முழு நீளத்துக்கும் வந்ததும் கத்தியைத் திருப்பி அடுத்த பக்கம். பிறகு 1000 கல்லில் அதே வேலை, அழுத்தம் குறைத்து. கல்லில் ஊறும் சேற்றைக் கழுவிவிடக் கூடாது, பாதி வேலையை அதுதான் செய்கிறது. கடைசியில் மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் பட, நாலைந்து இழுப்பு. மடித்த செய்தித்தாளில் வாயைப் பின்னோக்கி வழித்தால் மிச்சப் பிசிரும் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் கேரட்டில் இறங்காமல் பிளந்தது. ஏன் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. கத்தி முதுகிலிருந்து வாய்க்கு மெலிந்துகொண்டே வருவது. வாயை ஒன்றரை மி.மீ. இறக்கினால், தடித்த இடம் வாய்க்கு வந்துவிடுகிறது. கூர் இருக்கிறது, ஆனால் ஆப்பு மாதிரி. அதனால் வாய்க்கு மேலிருக்கும் கன்னத்தையும் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்து மெலிக்க வேண்டும். இன்னும் இரண்டு மாலை. பளபளவென்றிருந்த பக்கங்கள் முழுக்கக் கீறல். கடையில் வாங்கியபோது இருந்த முகம் போயே போய்விட்டது. ஆனால் சின்ன வெங்காயத்தில் வைத்ததும் அது தன் எடையிலேயே இறங்கியது, வெங்காயத்துக்கே தெரியாமல். நறுக்கி முடிக்கிறவரை கண் எரியவில்லை. மழுங்கல் கத்தி நசுக்குவதால்தான் அந்தச் சாறு அவ்வளவு பீய்ச்சுகிறது.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வரும் சாணைக்காரர் ஞாபகம் இந்த நாட்களில் அடிக்கடி வந்தது. "கத்தி சாணை பிடிக்கிறதேய்" என்று இழுத்துக்கொண்டு வருவார். சைக்கிள் பெடலை மிதித்தால் கல் சுழலும், பொறி பறக்கும், நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். அந்தப் பொறிதான் இந்த மாதிரிக் கத்திக்கு எமன். தோய்த்தபின் மிதமான சூட்டில் பதப்படுத்திய எஃகு இது. உலர்ந்த கல் அதிவேகமாகச் சுற்றினால் மெலிந்த வாய் நொடியில் சூடேறிப் பதம் போய்விடும். சகாய் பட்டறைகளிலும் சுழல்கிற கல்தான், ஆனால் எப்போதும் தண்ணீரோடு. ஊருக்கு எடுத்துப் போனால் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். கல்லையும் சேர்த்து எடுத்துப் போங்கள். செக்-இன் பெட்டியில்தான், இரண்டையும்.

இப்போது மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை, 1000 கல்லில் பதினைந்து நிமிடம். நாம் கத்தியைத் தேய்ப்பதாக நினைக்கிறோம், கல்லும் சேர்ந்துதான் தேய்கிறது, அதுவும் நடுவில். குழிந்த கல்லில் நேரான வாய் வராது. கல் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத் தகட்டில் தேய்த்து, எல்லாக் கோடும் அழிகிற வரை மட்டமாக்கிவிட்டுத்தான் தொடங்குவது. மெருகுக் கல் இன்னும் வாங்கவில்லை. 1000-இல் விட்ட வாய்க்கு லேசான கரகரப்பு உண்டு, தக்காளித் தோலைப் பிடித்துக்கொள்ள அதுவே நல்லது என்பது என் கட்சி.

ஏப்ரலில் கத்தியைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், பாராட்டுவார் என்ற நப்பாசையில். மறுபடி ஜன்னல் வெளிச்சம், மறுபடி கட்டைவிரல். நுனிப் பக்கம் பார்த்து "ம்" என்றார். நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. பிடியோரத்து மூலையில் விரலை வைத்தார். நாம் அதைக் குதி என்போம், அவர்கள் 'ஆகோ', முகவாய் என்பார்கள். "இங்கே கல் படவே இல்லையே" என்றார். வீட்டுக்கு வந்து மை பூசிப் பார்த்தேன். உண்மைதான், அந்த இரண்டு செ.மீ.க்கு மை அப்படியே இருந்தது. பிடி கல்லில் இடிக்குமோ என்று நான் தெரியாமலே தூக்கிவிடுகிறேன். கல்லுக்குக் கொஞ்சம் குறுக்காகக் கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் சரியாகிறது. இன்னும் முழுக்கப் பழகவில்லை.

கருப்பட்டிக்கு 100 யென் கடையில் ஒரு சின்னச் சுத்தியல் வாங்கியாயிற்று. கத்தி இழுப்பறைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. பிடியில் 'கருப்பட்டி மட்டும்' என்று மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள் மனைவி.